பனிக்குழிக்கு மரம் தந்த மரியதாஸ் கண்டாக்கையா

செய்தி வந்தபோது நான் வழக்கம்போல அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கும் சூட்டடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. ஆபீஸ் பியூன் வந்து, "முத்தையாண்ணே, ஒங்களைக் கூப்பிடுறாங்க" என்றார். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு இதுவரை யாரும் நல்ல விஷயம் சொன்னதில்லை. டீயில் புகை வாசம் ஏறியிருக்கும், கொழும்பிலிருந்து யாராவது ஏசியிருப்பார்கள். போகும் வழியிலேயே ஈர விறகின் மேல் பழியைப் போட்டு ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

பெரிய கிளாக்கர் அப்போதுதான் டெலிபோனைக் கீழே வைத்திருந்தார். "நுவரெலியா ஆஸ்பத்திரியிலருந்து பேசினாங்க முத்தையா. மரியதாஸ் கண்டாக்கையா விடியக்காலம் போயிட்டாராம். லயத்துக்குச் சொல்லிடுங்க."

தயாராக வைத்திருந்த பொய் வாய்க்குள்ளேயே நின்றுபோயிற்று. கொழுந்து தட்டில் கிடந்தது, அடுப்பை அணைக்க முடியாது. திரும்பிப் போய் இன்னும் இரண்டு கட்டையைப் போட்டு மூடிவிட்டுத்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தேன்.

ஐயாவின் முப்பதாம் நாள் பூசையில் வாசிப்பதற்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய மனைவி செலினம்மா அவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் சைவக்காரன். எட்டாம் வகுப்பு வரை போனவன். அதிலும் ஏழாம் வகுப்பில் வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனமில்லாமல் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டார். லயத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதால் எனக்கு எழுதத் தெரியும் என்று ஒரு பேர் உண்டாகிவிட்டது. என் மூத்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்கிறாள். "அப்பா, செத்துப் போனது கண்டாக்கையா. நீங்க ஒங்க கதைய எழுதுறீங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஆகவே அவர் கதைக்கு வருகிறேன்.

மரியதாஸ் ஐயா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தகப்பனார் தேயிலைச் செடியைத் தறித்துக் கவ்வாத்து வெட்டியவர், தாயார் கொழுந்து பறித்தவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டாக்கு, துரைமார் வாயில் கண்டக்டர், உத்தியோகத்துக்கு வந்தார். எங்கள் தோட்டத்தில் கன்று வளர்க்கும் தவறணையும் மரக்காடுகளும் அவர் பொறுப்பு. காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேசோடு, மழை குடித்துக் குடித்து வடிவம் போன ஒரு தொப்பி. குரல் மட்டும் பெரட்டுக் களத்துக்குப் போதாத சின்னக் குரல். காலையில் பேர் கூப்பிடும்போது பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காது. முன்னால் நிற்கும் பெண்கள் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள்.

அவர் நடுகிறவர், நான் எரிக்கிறவன். எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. மழைக்கு ஒதுங்க ஸ்டோருக்குள் வந்தால் அடுப்படிக்கு வருவார்.

"என்னா எமதர்மரே, இன்னிக்கு எம் புள்ளைங்கள்ல எத்தனை பேரு?"

"நான் கணக்கு வைக்கிறதில்லீங்க ஐயா. அது வாயத் தொறக்குது, நான் போடுறேன்."

"நல்ல வேளை ஒங்க வீட்டுல நாலோட நிறுத்திக்கிட்டீங்க. அதையும் அடுப்புன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டே இருந்திருப்பீங்க" என்பார். ஒரு கத்தோலிக்கர் சைவக்காரனை எமன் என்றால் சண்டை வர வேண்டும். எங்களுக்கு அது காலை வணக்கம்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒன்றிரண்டு வருஷம் ஆனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கீழ்லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பனிக்குழி என்று பேர். தை மாதத்து விடியலில் மலையின் குளிர் முழுக்க வழிந்து இறங்கி அங்கேதான் தேங்கும். தேயிலை அங்கே நிற்காது. டர்பன்டைன் மரம் இரண்டு தடவை நட்டார்கள். இரண்டு தடவையும் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிப் போயிற்று. யூகலிப்டஸ் என்று புத்தகத்தில் சொல்வதைத்தான் நாங்கள் டர்பன்டைன் என்கிறோம்.

லயத்துச் சனங்களுக்கு விறகு என்றால் கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சிதான். அது வருஷம் முழுக்கக் கிடைக்காது. மற்ற நாளில் மலைக் கொழுந்து பறித்து இறங்கிய காலோடு மேல்காட்டு ஓரத்துக்கு ஏற வேண்டும். ஏற முடியாதவர்கள் ஸ்டோர் விறகு அடுக்கிலிருந்து உருவுவார்கள். பாக்கியம் என்ற பெண் அப்படி இரண்டு கட்டையை முந்தானைக்குள் வைத்துப் பிடிபட்டார். வீட்டில் மார்ச்சளிப் பிள்ளை. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் போட்டார்கள். காலையிலிருந்து பறித்ததற்குப் பாதிச் சம்பளம். பாக்கியம் அழவில்லை. "கட்டையக் குடுத்திடுறேங்க, பேரக் குடுத்திடுங்க" என்று மட்டும் கேட்டார். கட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்தவர் மரியதாஸ் ஐயா. அன்று மாலையே தோட்டத்து மேனேஜரான பெரியதுரையின் பங்களாவுக்குப் போய், பனிக்குழியை லயத்து விறகுக்கு விட வேண்டும், தான் அங்கே மரம் நிறுத்திக் காட்டுவதாகச் சொன்னார். அப்போதைய பெரியதுரை வெள்ளைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. "அங்கே டர்பன்டைன் வராது கண்டக்டர்" என்றார்.

"வராதது மரத்தோட குத்தமில்லீங்க துரை. வெதை வந்த ஊரோட குத்தம்" என்றாராம் ஐயா.

அதன் அர்த்தத்தை மறுநாள் அடுப்படியில் எனக்குச் சொன்னார். "டர்பன்டைன் ஒரே மரந்தான் முத்தையா. ஆனா ஆஸ்திரேலியாவுக்குத் தெக்க இருக்கிற தீவுல அது கடற்கரையிலயும் நிக்குது, பனி மூடுற மலை உச்சியிலயும் நிக்குது. உச்சியில தலைமொற தலைமொறயா குளிருக்குச் செத்தது போக மிச்சம் நின்னது இருக்கு பாருங்க, அதோட வெதை வேற. கடற்காத்துல சொகமா வளந்ததோட வெதை வேற. பேரு ஒண்ணு, பூ ஒண்ணு, ஒடம்புக்குள்ள இருக்கிறது வேற. நமக்கு இதுவரைக்கும் வந்தது கடற்கரை வெதை. பனிக்குழியில போட்டா சாகாம என்னா செய்யும்?"

"அப்ப என்னையும் ஊரு கேட்டுல்ல நட்டிருக்கணும்? எங்க தாத்தா துறையூர் வெயில்லருந்து வந்தவருங்க. அதான் நான் அடுப்ப விட்டு நகர மாட்டேங்கிறேன்."

சிரித்தார். "ஒங்க தாத்தாவக் கொண்டாந்தவங்க ஊரு கேக்கல. ஆளு எத்தனைன்னுதான் கேட்டாங்க" என்றார்.

துரைக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. அந்தத் தீவில் இருந்த தன் மைத்துனருக்கு எழுதி விதை வரவழைத்தார். மூன்று துணிப்பைகள் வந்தன. ஒன்று கடலோரத்து விதை, ஒன்று நடுமலை, ஒன்று உச்சிமலை. எல்லாம் ஒரே மரம். ஐயா மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் விதைத்து, தவறணையில் தனித்தனியாக வைத்தார். அந்த மாதங்களில் அவரோடு வேறு பேச்சுப் பேச முடியாது. என் கடைசிப் பெண் பிறந்த செய்தியைச் சொன்னபோதுகூட, "நல்லது, எத்தனை இலை?" என்று கேட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கன்றுகள் ஒரு சாண் வளர்ந்திருந்தபோது, வி.ஏ. என்று சொல்லும் மேற்பார்வைத் துரை கொழும்பிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அவர் வந்தால் தோட்டத்தில் நடக்கும் சடங்குகள் தெரிந்தவைதான். பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பு. தவறணையில் கன்றுகளை உயரம் பார்த்து அடுக்கி வைப்பது. பெரியது பின்னால், சிறியது முன்னால். தேயிலைக் கன்றுக்கு அது சரியான வேலை. தரம் பிரிப்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. கொழுந்தையும் பிரிப்போம், தூளையும் பிரிப்போம்.

ஐயா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்தார். தவறணைக் கங்காணி சின்னக்கண்ணு, ஐயாவுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று நாலு பெண்களைப் பிடித்து, டர்பன்டைன் கன்றுகளையும் உயரப்படி அடுக்கிவிட்டார். மூன்று ஊர்க் கன்றும் ஒரே கூட்டம்.

ஐயா திரும்பி வந்தபோது நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

"கங்காணி, என்னா செஞ்சிருக்கீங்க?"

"தரம் பிரிச்சிட்டேங்க ஐயா! பெரட்டுல நிக்கிற மாதிரி எப்பிடி நிக்குது பாருங்க."

"எது எந்தப் பொட்டியிலருந்து வந்துச்சு?"

"எல்லாம் டர்பன்டைன்தானேங்க?"

ஐயா ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சின்னக்கண்ணுவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு ஐயா, "ஒங்க மேல கோவமில்ல கங்காணி. ஒரு தேத்தண்ணி கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் வி.ஏ. துரை வந்து, இவ்வளவு அழகான தவறணையை வேறு தோட்டத்தில் பார்த்ததில்லை என்று ஐயாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். சின்னக்கண்ணு அன்று முழுக்கத் தவறணைப் பக்கம் தலைகாட்டவில்லை.

வேறு விதை வர வழியில்லை. துரையின் மைத்துனர் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டார். ஐயா கன்று கன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். உச்சிமலைக் கன்றுக்கு இலையும் தண்டும் வெளுப்பாக, மெழுகுபோல ஒரு சாம்பல் பூசியிருக்கும். கடலோரத்துக் கன்று பச்சையாகப் பளபளக்கும். இரண்டு கோடியும் தெரிந்தது. நடுமலைக் கன்றுதான் இப்படியும் இருந்தது, அப்படியும் இருந்தது. என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் ஒரு இலையை மோந்து பார்த்து ஏழெட்டுத் தும்மல் போட்டதுதான் என் பங்கு.

"இது விபூதி பூசின கன்னுங்க ஐயா, எங்க ஆளு" என்றேன்.

"இல்ல, சாம்பல் புதன் முடிஞ்சு நெத்தியில சாம்பலோட கோயில்லருந்து வர்ற கன்னு, எங்க ஆளு" என்றார். அன்றிலிருந்து அதற்கு விபூதி மரம் என்றே லயத்தில் பேராகிவிட்டது. பாக்கியம் தவறணைக்கு வந்து, பெண்பிள்ளை தலையைக் கோதுவதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

விபூதிக் கன்றுகளைக் குழியின் அடியில் நட்டார்கள். பச்சைக் கன்றுகள் பனி தேங்காத மேட்டுக்குப் போயின. சந்தேகக் கன்றுகள் சரிவில். நடவு அன்று பெரியதுரை வந்து நின்று, எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கண்டக்டர், மூணு பனி தாண்டி மரம் நின்னா, குழி லயத்துக்கு." துரை வாயிலிருந்து வந்தால் அது சட்டம். எழுதி வாங்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயாவுக்கும்தான்.

முதல் தையில் பனி கொட்டியது. விடிந்ததும் லயமே குழியைச் சுற்றி நின்றது. சரிவில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் கறுத்துத் தொங்கின. அடியில் இருந்தவை வெள்ளைப் பனிக்குள் வெள்ளையாக, சண்டையில் ஜெயித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாத ஆட்களைப்போல நின்றன. ஐயா தொப்பியைக் கழற்றினார். சின்னக்கண்ணு முதல் தடவையாக மூச்சு விட்டார். அடுத்த பனியும் அதற்கு அடுத்த பனியும் அப்படியே. மூன்றாம் பனிக்குப் பிறகு பெரியதுரை தன் கைத்தடியை மரத்தோடு உயர்த்தி அளந்துவிட்டு, "குழி லயத்துக்கு" என்று மறுபடியும் சொன்னார்.

மரம் ஆளானபின் வருஷத்தில் சில நாள் ஐயா நின்று கிளை கழிக்க விடுவார். எந்த வீட்டில் பிள்ளைப்பேறு, எந்த வீட்டில் நோயாளி என்று பார்த்துக் கட்டு கொடுப்பார். அந்தச் சில வருஷங்களில் என் விறகு அடுக்கில் யாரும் கை வைத்ததில்லை. ஸ்டோரில் காவல் காக்கும் வேலையும் எனக்கு இல்லாமல் போயிற்று. இதைவிடச் சொகுசாக நான் சம்பளம் வாங்கியதில்லை.

அந்த மரங்களின் விதையையும் எடுத்து முளைக்க வைத்துப் பார்த்தார். மேட்டுப் பச்சை மரத்தின் பூந்தூளைத் தேனீ கொண்டுவந்து கலந்திருந்தது. ஒரே காயிலிருந்து சாம்பலும் வந்தது, பச்சையும் வந்தது. "இனி அசல்னா அந்தக் குழியில நிக்கிறதுதான் முத்தையா. அதப் பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொள்ள அவரை விடவில்லை. பிரஜாவுரிமைக்கு அவர் போட்ட மனு, தகப்பனார் பிறந்த ஊருக்கு அத்தாட்சி இல்லையென்று தள்ளுபடியானது. பின்னர் இலங்கை, இந்திய அரசாங்கம் இரண்டும் உட்கார்ந்து எங்கள் சனங்களைப் பங்கு பிரித்தபோது, அவர் இந்தியாவுக்குப் போக வேண்டியவர் என்று பேச்சாயிற்று. அவர் கடலையே பார்த்ததில்லை. அன்று அடுப்படிக்கு வந்து கொஞ்ச நேரம் கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் மரத்துக்கு ஊரு கேட்டேன் முத்தையா, எங்க நல்லா நிக்கும்னு பாக்க. எங்கிட்ட ஊரு கேக்குறாங்க, எங்க அனுப்பலாம்னு பாக்க."

நான் அடுப்பைக் கிளறினேன்.

வெள்ளைக்காரத் துரை எப்போதோ சீமைக்குப் போயிருந்தார். தோட்டம் கை மாறியது. புதிய பெரியதுரை நம் நாட்டுக்காரர், இளம் வயது, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஸ்டோருக்கு விறகு பற்றவில்லை என்று பனிக்குழி மரங்களை வெட்டச் சொன்னார். ஐயா, சின்னக்கண்ணு, நான் மூவரும் ஆபீசுக்குப் போனோம்.

"குழி லயத்துக்குன்னு பழைய துரை குடுத்ததுங்க" என்றார் ஐயா.

"கடிதம் இருக்கா?"

"வாயால சொன்னாருங்க. இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க."

துரை என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை?"

"ஸ்டோர் அடுப்புங்க."

"அப்ப விறகு ஒங்களுக்குத்தான் வேணும்" என்றார். சாட்சி சொல்லப் போனவன் எதிராளியாகிவிட்டேன். அடுப்புக்காரனைச் சாட்சிக்குக் கூட்டிப் போனது ஐயா செய்த ஒரே முட்டாள்தனம்.

ஐயா மறுபடியும், இன்னும் சின்னக் குரலில், "வெட்டுறதுன்னா வெட்டுங்க துரை. அடிக்கட்டைய மட்டும் கிண்டாதீங்க. தளுத்து வரும். அந்த வெதை இனி கெடைக்காது" என்றார்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார் துரை. "அரசாங்க டிப்போவிலருந்து புதுக் கன்று வருது கண்டக்டர். வரிசையா நட எடம் வேணும்."

மரம் வெட்ட வந்த கொந்தராத்துக்காரர்கள் அடிக்கட்டையையும் கிண்டினார்கள். அதுவும் என் அடுப்புக்கே வந்தது. ஒரு பிற்பகல் ஐயா வந்து அடுக்கின் முன்னால் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைத் தொட்டுப் பார்த்து, "பச்சையா போடாதீங்க. நல்லா காய விடுங்க. டீயில பொகை ஏறும், ஒங்களத்தான் ஏசுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காய விட்டுத்தான் எரித்தேன். நன்றாக எரிந்தது.

மழையோடு டிப்போக் கன்றுகளைக் குழியில் வரிசை பிடித்து நட்டார்கள். இலையெல்லாம் பச்சை, பளபளப்பு. ஐயா ஒரு இலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று சின்னக்கண்ணு சொன்னார். அதற்குப்பின் இருமல் பிடித்தது; மார்கழியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

தையில் நான் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். போர்வைக்குள் பாதி ஆளாக இருந்தார். என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். பிறகு, "பனி விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"விழுந்துச்சுங்க."

"கன்னு?"

நான் என் மூத்த மகள் தையல் வேலையில் பரிசு வாங்கியதைச் சொல்லத் தொடங்கினேன். நிறத்தைச் சொன்னேன், நூலைச் சொன்னேன், பரிசு கொடுத்த அம்மாவின் குடையைக்கூடச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். "நல்ல புள்ள" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

தோட்டத்துக் கோயில் மேட்டில் அடக்கம் செய்தோம். "இந்தியாவுக்கு அனுப்ப முடியாமப் போச்சு பாத்தீங்களா, இங்கயே தங்கிட்டாரு" என்றார் சின்னக்கண்ணு. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. செலினம்மா அவர்கள் இந்தியாவுக்குப் போக வேண்டிய முறை வரும்போது தனியாகத்தான் போவார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

நேற்று மாலை ஸ்டோரிலிருந்து வரும்போது பனிக்குழியைக் கடந்தேன். வரிசை நேராகத்தான் இருக்கிறது. எல்லாம் கறுத்த குச்சி. பாக்கியம் கீழே இறங்கி அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கியும் கட்டு கையளவுதான் வந்தது. "இது கேத்தல் தண்ணிக்கும் பத்தாது தம்பி" என்றார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு மேல்காட்டைப் பார்த்தார். நடந்தால் இருட்டிவிடும் தூரம். முழங்காலில் கையூன்றி நிமிர்ந்து அந்தப் பக்கமே நடந்தார்.

ஐயா, போகிறவர்களைப் போய் வாருங்கள் என்றுதான் நாம் அனுப்புவோம். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்தால் எந்த ஊர் என்று மறுபடியும் கேட்பார்கள். சாட்சிக்கு இந்த அடுப்புக்காரன்தான் இருக்கிறேன். ஆகவே போங்கள் ஐயா. நல்லபடியாகப் போங்கள்.